எங்களை நிறுத்துவது குளிர் அல்ல: நகராட்சிச் சாலைத் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

பனி கொட்டும் நகரங்களில் தெருப் பராமரிப்பைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். குளிர்காலத்திலும் சைக்கிளை மூலையில் சாத்திவைக்காதவர்கள் சார்பில் எழுத எனக்கு யாரும் அதிகாரம் தரவில்லை. ஆனாலும் எங்களில் யாரைக் கேட்டாலும் முதலில் வரும் முறையீடு ஒன்றாகத்தான் இருக்கும் என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

பட்ஜெட் பேச்சு வரும்போதெல்லாம் உங்கள் தரப்பிலிருந்து ஒரு கேள்வி எழும்: "இந்தக் குளிரில் யார் சைக்கிள் ஓட்டப் போகிறார்கள்? நாலு பேருக்காக ஒரு மெஷினையும் ஆளையும் அனுப்ப முடியுமா?" டிசம்பரில் சைக்கிள் பாதையில் கிடக்கும் பனியை வழிக்காமல் விட்டுவிட்டு, ஜனவரியில் அங்கே ஆளில்லை என்று கணக்கெடுத்து, அந்தக் கணக்கைக் காட்டி அடுத்த டிசம்பரிலும் வழிக்காமல் விடுகிறீர்கள். ஆள் வராததற்குக் குளிர்தான் காரணம் என்று கோப்பில் எழுதப்படுகிறது. அதைத்தான் மறுக்க வந்திருக்கிறேன்.

குளிரை முதலில் பேசி முடித்துவிடுவோம், அதில் உங்களிடம் கேட்க எதுவுமில்லை. வெப்பமானி -20 டிகிரி செல்சியஸ் காட்டும் நாளில், காற்றே அடிக்காவிட்டாலும், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் முகத்தில் அது குறைந்தது -30 போல அறையும். மூடாத தோல் பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் உறைந்துவிடக்கூடிய குளிர் அது. மூக்கு நுனியும் காது மடலும் கன்னமும் முதலில் அகப்படும். அதனால் மூடிக்கொள்கிறோம். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே ஒட்டிக்கிடக்கும் என்பதால் உடம்பை ஒட்டிக் கம்பளியோ செயற்கை இழையோ அணிகிறோம், அதன்மேல் காற்றை மறிக்கும் மெல்லிய மேலாடை. வாசலை விட்டு இறங்கும்போது லேசாக நடுங்க வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால் உடுப்பு அதிகம் என்று அர்த்தம். பாதி வழியில் வியர்த்து, சிக்னலில் நிற்கும்போது அந்த வியர்வையே ஆளை விறைக்கவைக்கும். விரல்களைத் தனித்தனியே பிரிக்கும் கையுறையைவிட நான்கையும் ஒன்றாகச் சேர்த்து வைக்கும் உறை மேல். அதைவிட மேல், ஹேண்டில்பாரிலேயே மாட்டிவிடும் பெரிய உறை. அதற்குள் கையை நுழைத்துக்கொண்டால் மெல்லிய கையுறையே போதும். காலுறைக்கு மேல் காலுறை போட்டு ஷூவை இறுக்கிக் கட்டுகிறவருக்குத்தான் கால்விரல் சீக்கிரம் மரத்துப்போகும், ரத்தம் ஓட இடமில்லாமல். புதிதாக ஓட்டத் தொடங்குகிறவர்கள் இதையெல்லாம் ஒரு பருவத்திலேயே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

வண்டியையும் குளிர் தாக்கும். மிதிப்பதை நிறுத்தினாலும் பின்சக்கரத்தைச் சுற்றவிடும் ஃப்ரீவீலுக்குள் இருக்கும் கிரீஸ் கெட்டியாகி, பல்லைக் கவ்வ வேண்டிய சிறு கொக்கிகள் அசையாமல் ஒட்டிக்கொள்ளும். பெடல் வெறுமனே சுற்றும், சக்கரம் நகராது. கேபிள் உறைக்குள் கொஞ்சம் தண்ணீர் புகுந்தால் போதும், கியர் இருந்த இடத்திலேயே உறைந்து நிற்கும். வீட்டுக்குள் 20 டிகிரியில் 4 பார் அழுத்தம் அடித்த டயர், -20 டிகிரி வெளியில் சுமார் 3.3 பார்தான் காட்டும். (பனியில் காற்று கொஞ்சம் குறைவாக இருப்பது பிடிப்புக்கு நல்லது என்பதால் இதில் எங்களுக்கு வருத்தமில்லை.) பேட்டரி சைக்கிள்காரர்கள் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துப்போகிறார்கள், உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் செல் கெட்டுவிடும் என்பதால். வழுக்கும் ஐஸுக்கு டங்ஸ்டன் கார்பைடு ஆணி பதித்த டயர் இருக்கிறது. இதெல்லாம் எங்கள் பாடு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

எங்களால் பார்த்துக்கொள்ள முடியாதது, உங்கள் வண்டி போன பிறகு தெருவோரத்தில் கிடப்பது.

கார் ஓடும் தடத்தை வழிக்கும் வண்டி, பனியை ஓரத்துக்குத் தள்ளுகிறது. அந்த ஓரத்தில்தான் சைக்கிள் தடம் இருக்கிறது. வெறும் கோடு போட்டுப் பிரித்த தடமானால் அன்றோடு அதன் கதை முடிந்தது. பனிக்காலம் முழுக்க அது பனி சேமிக்கும் கிடங்கு. வானத்திலிருந்து விழுந்த பனியின் மேல் எப்படியாவது ஓட்டிவிடலாம். வழித்துத் தள்ளிய பனி வேறு ஜாதி. மண்ணும் உப்பும் உடைந்த ஐஸும் கலந்து, வண்டியின் முன்னால் பனியைத் தள்ளும் இரும்பு அலகின் அழுத்தத்தில் இறுகி, ஓர் இரவு உறைந்துவிட்டால் மறுநாள் அதில் மண்வெட்டி இறங்காது. தெருமுனையில் இன்னும் மோசம். குறுக்குத் தெருவை வழிக்கும் வண்டி, சைக்கிள் பாதையின் வாயை அடைத்துவிட்டுப் போகும். உள்ளே பாதை சுத்தமாக வழிக்கப்பட்டிருக்கும். நுழையவும் வெளியேறவும் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர். பாதையை வழித்தது ஒரு ஒப்பந்தக்காரர், தெருவை வழித்தது இன்னொருவர், முனை யார் கணக்கிலும் இல்லை. கோப்பில் இரண்டு வேலையும் "முடிந்தது".

சிக்னல் பொத்தானையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். கம்பத்தைச் சுற்றிப் பனி குவிந்து கிடக்கும். ஒரு காலைச் சரிவில் ஊன்றி, இடுப்பால் வண்டிக்கு முட்டுக்கொடுத்து, உறைக்குள்ளிருந்து கையை உருவி, பொத்தான்மேல் படிந்த ஐஸை முழங்கையால் தட்டி உடைத்துவிட்டு அமுக்க வேண்டும். விளக்கு மாறும் முன் கையை மறுபடி உறைக்குள் நுழைத்தாக வேண்டும். எனக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். கைத்தடி ஊன்றி நடப்பவருக்கும் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்திருப்பவருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அந்தத் தெருவே அன்றைக்கு மூடப்பட்டது.

இனி உங்கள் பொறியாளர்களுக்கு நன்றாகவே தெரிந்த, ஆனால் அட்டவணை போடுகிறவர்கள் கண்டுகொள்ளாத ஒன்று. சைக்கிளுக்கு மிக மோசமான நாள் மிகக் குளிரான நாள் அல்ல. -15 டிகிரியில் இறுகிய பனி டயருக்கடியில் நறநறவென்று சத்தமிடும். அந்தச் சத்தம் கேட்டால் பிடிப்பு இருக்கிறது, தைரியமாக மிதிக்கலாம். பயப்பட வேண்டியது பூஜ்ஜியத்தை ஒட்டிய நாட்களுக்கு. ஐஸின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும்போதுதான் டயர் அடியோடு பிடியை விடும். பகலில் ஓரத்துக் குவியல் உருகி, தண்ணீர் பாதைக்குக் குறுக்கே ஓடி, இருட்டியதும் கண்ணுக்குத் தெரியாத ஐஸாகிவிடும். அன்று வானத்திலிருந்து ஒரு துளிப் பனிகூட விழுந்திருக்காது. "பனி விழுந்தால் வண்டியை அனுப்பு" என்று மட்டும் எழுதிய ஒப்பந்தத்தின்படி யாரும் வரவும் மாட்டார்கள். கார்கள் மிதித்த பனிச்சேற்றில் பள்ளம் விழுந்து, அது அப்படியே இறுகிப்போனால், சைக்கிளின் முன்சக்கரம் ஒரு பள்ளத்துக்குள் மாட்டி, ஓட்டுகிறவர் போக நினைத்த திசைக்கு வராது. நாலு சக்கரக்காரர் கொஞ்சம் குலுங்குவார். இரண்டு சக்கரக்காரர் விழுவார், அதுவும் பெரும்பாலும் கார் வரும் பக்கமாக.

உப்பைக் கொட்டினால் தீர்ந்தது என்று நினைப்பதும் சரியல்ல. சோடியம் குளோரைடு கரைசல் ஆய்வகத்தில் -21 டிகிரி வரை உறையாமல் நிற்கும் என்பது உண்மை. தெருவில் -10 டிகிரிக்குக் கீழே போனாலே அதன் வேகம் அடங்கிவிடும். கார்ச் சாலையில் ஆயிரம் டயர்கள் உப்பையும் பனியையும் கலக்கிக் கரைக்கின்றன. சைக்கிள் பாதையில் அந்தக் கலக்கல் நடப்பதில்லை, உப்பு போட்ட இடத்திலேயே குழிகுழியாக அரித்துக் கிடக்கும். எனவே ஊரின் குளிருக்கேற்ற முறை வேண்டும். வடக்கு பின்லாந்தின் ஔலு, ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே இருக்கும் நகரம். அங்கே தார் தெரியும்வரை சுரண்டுவதில்லை. பனியை இறுக்கி, பல் வைத்த அலகால் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, பொடிக்கல் தூவிவிடுகிறார்கள். நிலையான குளிருக்கு அது பொருந்துகிறது. பூஜ்ஜியத்தைச் சுற்றியே ஊசலாடும் ஸ்காண்டிநேவிய நகரங்கள் சிலவற்றில் அலகுக்குப் பதில் சுழலும் தூரிகை. பெருக்கிக்கொண்டே பின்னால் உப்புநீரைத் தெளித்துப்போகும் சிறு வண்டிகள். தூரிகை பனியின் கடைசிப் படலத்தையும் எடுத்துவிடுவதால் உப்பும் குறைவாகவே செலவாகும். கோபன்ஹேகனில் முக்கிய சைக்கிள் தடங்களைக் கார்ச் சாலைகளுக்கு முன்பாகவே வழிப்பதுண்டு. ஔலுவில் இருப்பவர்களும் நம்மைப் போல மனிதர்கள்தான், அவர்கள் தோல் ஒன்றும் நம்முடையதைவிடக் கெட்டியானதல்ல. அந்த ஊர்ப் பள்ளி ஒன்றின் முன்னால் பனிக்குள் வரிசையாக நிற்கும் பிள்ளைகளின் சைக்கிள்களைப் படத்தில் பார்த்துவிட்டு "அது அவர்கள் கலாச்சாரம்" என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள், அந்தப் பிள்ளைகள் கிளம்புவதற்கு முன் பாதையைத் தயார்படுத்திய வண்டிக்காரரை மறந்துவிடுகிறார்கள். குளிர்காலச் சைக்கிள் பயணத்துக்கென்றே முதல் சர்வதேச மாநாடு 2013-ல் அதே ஔலுவில்தான் கூடியது. அடுத்த ஆண்டு கனடாவின் வின்னிபெக்கில். ஆக, இது யாரோ நாலு பேரின் கிறுக்குத்தனம் அல்ல. உங்கள் துறை சார்ந்தவர்களே உட்கார்ந்து பேசுகிற தொழில்நுட்பம்.

எதை முதலில் வழிப்பது என்பதும் ஒரு தீர்மானம்தான். அது இயற்கை விதி அல்ல. சுவீடனின் கார்ல்ஸ்கூகா நகராட்சி அந்த வரிசையைத் தலைகீழாக்கியது: நடைபாதை, சைக்கிள் பாதை, குழந்தைக் காப்பகங்களுக்குப் போகும் வழி ஆகியவை முதலில், பெருஞ்சாலை பிறகு. காலையில் முதலில் கிளம்புகிறவர்கள் யார், எப்படிப் போகிறார்கள் என்று பார்த்தபோது, நடந்தும் பேருந்திலும் போகிறவர்களில் பெண்களே அதிகம் என்று கண்டதன் விளைவு அது. ஸ்டாக்ஹோமும் அதைப் பின்பற்றியது. 2016 நவம்பரில் அங்கே திடீரென்று பெரும்பனி கொட்டி, நகரமே முடங்கியபோது இந்த முறை கடுமையான கேலிக்கு உள்ளானதையும் மறைக்கப் போவதில்லை. என் பார்வையில் அன்று குறை வரிசையில் இல்லை. எவ்வளவு நல்ல வரிசை போட்டாலும் அதை நடத்த வண்டியும் ஆளும் இல்லாவிட்டால் காகிதம்தான். நீங்களும் அந்தத் தவற்றைச் செய்யாதீர்கள்: அறிக்கையில் முன்னுரிமை என்று போட்டுவிட்டு, குறுகிய பாதையில் நுழையும் சிறு வண்டி வாங்க நிதி ஒதுக்காமல் விடுவது.

எல்லாத் தெருவையும் கேட்கவில்லை. ஒரு சில வழித்தடங்களைத் தேர்ந்தெடுங்கள். வீடுகள் நிறைந்த பகுதியிலிருந்து பள்ளி, மருத்துவமனை, ரயில் நிலையம் வரை நடுவில் அறுந்துபோகாத தடங்கள். அறுபது துண்டுகளை அரைகுறையாக வழிப்பதைவிட ஆறு தடங்களை முழுமையாக வழிப்பது எங்களுக்கு உபயோகம். காலைப் பயணம் தொடங்கும் முன் வேலை முடிந்திருக்க வேண்டும். பத்து மணிக்கு வழித்த பாதை மாலை திரும்புகிறவருக்குத்தான் பயன்படும், அவரோ காலையில் சைக்கிளை எடுத்திருக்கவே மாட்டார். குவியலைச் சரிவின் கீழ்ப்பக்கத்தில் வையுங்கள், உருகும் நீர் பாதையைக் கடக்காது. எந்தத் தடம் வழிக்கப்பட்டுவிட்டது என்பதை அன்றன்றைக்கு இணையத்தில் காட்டுங்கள். "குளிர்காலப் பராமரிப்பு இல்லை" என்ற பலகையை நட்டுவிட்டுக் கைகழுவுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். பலகை நடச் செலவிடும் ஆள்நேரத்தில் ஒரு முனையையாவது வெட்டித் திறக்கலாம்.

பொடிக்கல்லைப் பற்றி ஒரு சின்ன முணுமுணுப்பு. பனிக்காலத்தில் அது உயிர் காக்கிறது, மறுக்கவில்லை. பனி போன பிறகும் வாரக்கணக்கில் அதைப் பெருக்காமல் விட்டால், கூரான சில்லுகள் டயரைத் துளைக்கும், வளைவில் சறுக்கவும் வைக்கும். பெருக்கும் தேதியையும் அட்டவணையில் சேருங்கள்.

அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து அந்த வண்டிகளை ஓட்டுகிறவர்கள்மேல் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்கள் கையில் கொடுக்கப்படும் வரைபடத்தில் முனை குறிக்கப்படவில்லை என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? அந்த வரைபடம் ஒப்பந்தத்தின் இணைப்பாக உங்கள் மேசையில்தான் உருவாகிறது. அடுத்த ஒப்பந்த வரைவில் இரண்டு வரிகளை எதிர்பார்க்கிறோம். ஒன்று, சைக்கிள் தடத்தில் பனியைக் குவித்தால் வேலை முடிந்ததாகக் கணக்கு வைக்கக் கூடாது. இரண்டு, உருகி உறையும் நாட்களிலும், பனி விழாவிட்டாலும், முக்கியத் தடங்களை வந்து பார்த்தாக வேண்டும்.

வரைவைப் பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டத்தைப் பனி தெருவில் கிடக்கும்போதே வையுங்கள். கோடையில் வைத்தால் உங்களுக்கும் நினைவிருக்காது, எங்களுக்கும் கோபம் ஆறிப்போயிருக்கும். தேதியைச் சொல்லுங்கள், வந்துவிடுகிறோம். கூட்ட அரங்கின் வாசலில் சைக்கிள் பூட்டும் கம்பிகள் எந்தக் குவியலுக்கு அடியில் இருக்கின்றன என்று பார்த்து, அதை மட்டும் முதல் நாளே தோண்டி வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பனிக்காலத்திலும் சைக்கிளில் வேலைக்குப் போகும் ஒருவர்