அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதியவருக்கு

என்ன நடந்தது என்று இங்கே எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். அது குழந்தையின் விஷயம். யாரிடம் சொல்வது, சொல்லாமல் விடுவது என்பதை வளர்ந்த பிறகு அவளே பார்த்துக்கொள்ளட்டும். அவள் சித்தியாகிய என்னிடமே அவள் வளரலாம் என்று உத்தரவு வந்துவிட்டது. அந்தக் காகிதத்தை வாங்கியதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி, யாரென்றே எனக்குத் தெரியாத ஒருவருக்கு. புகார் கொடுத்தவர் பெயரை அலுவலகத்தில் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஆசிரியரா, பக்கத்து வீட்டுக்காரரா, யாராக இருந்தாலும் சரி, நீங்கள் இதைப் படிக்க நேர்ந்தால் தெரிந்துகொள்ளுங்கள்: அவள் இப்போது நிம்மதியாகத் தூங்குகிறாள். காயங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்த மருத்துவர், வருகைப் பதிவேட்டைத் தேடி எடுத்துக் கொடுத்த பள்ளி அலுவலகத்தார், சீருடை இல்லாமல் வந்த பெண் காவலர், எங்களுக்காகப் பேசிய வழக்கறிஞர், எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் போனை எடுத்த தோழிகள், உங்கள் எல்லோருக்கும் நான் கடன்பட்டவள்.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே குழந்தைகள் நல அலுவலர் ஒருவருக்காகத்தான். அவர் பெயரை எழுதவில்லை, அவருக்கும் அதில் விருப்பம் இருக்காது. அவர் அவளிடம் தனியாகப் பேசினார். உள்ளே என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அன்று இரவு தலை வாரிவிடும்போது அவளாகவே சொன்னாள்.

பேச்சைத் தொடங்கும் முன் அவர் ஒன்று சொன்னாராம். "நான் அங்க இல்லையே, என்ன நடந்துச்சுன்னு உனக்குத்தான் தெரியும். நான் தப்பா சொன்னா நீ திருத்தணும், சரியா? தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம்." அப்புறம், "நீ ரெண்டு வயசுப் பையன்னு நான் சொன்னா என்ன சொல்லுவ?" என்று கேட்டிருக்கிறார். "இல்ல, நான் பொண்ணு, எனக்கு எட்டு வயசு!" என்று இவள் சத்தமாகச் சொன்னாளாம். அதை என்னிடம் சொல்லும்போதும் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

கடைசியில், தான் எழுதியதை அவர் வாசித்துக் காட்டியிருக்கிறார். ஓர் இடத்தில் 'சமையலறையில்' என்று இருந்ததாம். "இல்ல, வாசல்படியில" என்றிருக்கிறாள் இவள். அவர் அந்தச் சொல்லை அடித்துவிட்டு மேலே 'வாசல்படியில்' என்று எழுதி, தாளைத் திருப்பி அவளிடம் காட்டி, நன்றி சொல்லியிருக்கிறார். "நான் சொன்னதும் மாத்திட்டாங்க சித்தி" என்று அன்றிரவு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் வாழ்ந்த வீட்டில் அவள் சொல்லி எதுவும் மாறியதில்லை. ஒரு பெரியவர், அதுவும் கையில் பேனாவோடு வந்தவர், அவள் சொன்னதற்காகத் தன் எழுத்தை அடித்துத் திருத்துகிறார் என்பதை அவளால் நம்பவே முடியவில்லை.

இது முறையான பயிற்சியில் கற்றுத்தரப்படுவது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மைக்கேல் லாம்ப் போன்ற ஆராய்ச்சியாளர்கள் பல வருடம் ஆராய்ந்து வகுத்த நேர்காணல் முறையிலேயே இந்த வயதுக் கேள்வியும் 'என்னைத் திருத்து' என்ற பேச்சும் இருக்கின்றன. 'அடித்தாரா?' என்று கேட்டால் பெரியவர் முகத்தைப் பார்த்துக் குழந்தை தலையாட்டிவிடக்கூடும். 'என்ன நடந்தது, சொல்லு' என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தால், தன் நினைவிலிருந்து தானே எடுத்துச் சொல்லும். 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவும் இதைத்தான் கேட்கிறது: தன்னைப் பற்றிய விஷயத்தில் தன் கருத்தைச் சொல்லக் குழந்தைக்கு உரிமை வேண்டும், அதற்கு உரிய மதிப்பு தரப்பட வேண்டும். முறையோ சட்டமோ, அதை அவ்வளவு பொறுமையாக, அவ்வளவு மரியாதையாகச் செய்தது அந்த அம்மாதான். என் நன்றி அதில் துளியும் குறையவில்லை.

எங்கள் சொந்தக்காரர்கள் சிலருக்கு அவர்மேல் கோபம் இருந்தது. பெற்றவரிடமும் மணிக்கணக்கில் பேசினார், அவர் சொன்னதையும் அதே கவனத்தோடு எழுதிக்கொண்டார், குழந்தை படுக்கும் இடத்தைப் போய்ப் பார்த்தார், மருத்துவர் சொன்னதும் பள்ளியில் சொன்னதும் குழந்தை சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். 'இன்னும் எதற்கு அந்தப் பக்கத்தைக் கேட்கிறார்?' என்று பொருமினார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு எழுதிய அறிக்கை நீதிமன்றத்தில் முதல் கேள்வியிலேயே ஆட்டம் கண்டுவிடும், அப்போது விழுவது குழந்தையின் சொல். பொய்ப் புகாரில் ஒரு குழந்தையைப் பெற்றவரிடமிருந்து பிரிப்பதும் கொடுமைதான். பிரிப்பது குழந்தையின் நலனுக்கு அவசியம் என்றால் மட்டுமே பிரிக்கலாம் என்று அதே உடன்படிக்கையின் 9-ஆவது பிரிவு சொல்கிறது. அவர் எல்லோரையும் கேட்டதால்தான் இன்று இந்த உத்தரவு அசையாமல் நிற்கிறது. விசாரணை முடியும்வரை அவள் எங்கே பத்திரமாக இருப்பாள் என்பதை மட்டும் அவர் தள்ளிப்போடவில்லை. முதல் நாளே அதை முடிவு செய்துவிட்டார். மற்றதற்கெல்லாம் நேரம் எடுத்துக்கொண்டார்.

1962-இல் ஹென்றி கெம்ப் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரும் அவருடைய சகாக்களும் எழுதிய கட்டுரைதான், பெற்றவர்களே குழந்தையைக் காயப்படுத்தக்கூடும் என்பதை மருத்துவ உலகம் கண்திறந்து பார்க்க வைத்தது. என் அம்மா பிறந்த பிறகு நடந்த விஷயம் இது! அதற்கு முன் எத்தனை குழந்தைகள் 'விழுந்துவிட்டேன்' என்று சொல்லிவிட்டு வீடு திரும்பியிருப்பார்கள் என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். எந்தக் குழந்தையைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்தாலும், அடுத்த வீட்டு விஷயம் என்று விடமாட்டேன். துப்பறியப் போகமாட்டேன், குழந்தையைக் குடையமாட்டேன். கண்டதையும் கேட்டதையும் அப்படியே உரியவர்களிடம் சொல்லிவிடுவேன். மீதியைச் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், நானே பார்த்துவிட்டேன்.

வழக்கு இன்னும் முடியவில்லை. பெற்றவரை அவள் பார்ப்பது இப்போதைக்கு அலுவலர் முன்னிலையில்தான். எனவே அவளைப் பார்க்க வருகிற அன்பானவர்களிடம் ஒரு வேண்டுகோள். நடந்ததைப் பற்றி அவளிடம் கேட்காதீர்கள், ஆறுதலுக்காகக்கூட. ஒரே கேள்வியை மறுபடி மறுபடி கேட்டால், முதலில் சொன்னது தப்போ என்று குழந்தைக்குத் தோன்றிவிடும். அவளாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள், இடையில் சொல் எடுத்துக் கொடுக்காதீர்கள். இப்போதெல்லாம் படம் வரைகிறாள். வரும்போது வண்ணப் பென்சில் கொண்டுவாருங்கள்.

நன்றியுடன்,
அவளுடைய சித்தி