எரர் கோடு எங்களுக்கும் தெரியட்டும்: டூவீலர் கம்பெனிகளுக்கு ஒரு மெக்கானிக்கின் மடல்

இருசக்கர வாகனக் கம்பெனிகளின் சர்வீஸ் பிரிவு அதிகாரிகளுக்கு வணக்கம்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, கார்பரேட்டரைக் கழற்றி ஸ்க்ரூ திருகி ஐடிலிங் வைத்த காலம் முடிந்துவிட்டது. அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. புகை குறைந்தது நல்லதுதான். நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. பழுது வந்தால் வண்டியின் கணினி பதிந்து வைக்கும் எரர் கோடுகளையும், வண்டி ஓடும்போது சென்சார்கள் காட்டும் அளவுகளையும் வெளி மெக்கானிக்குகளும் பார்க்க வழி செய்யுங்கள், எங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில்.

சென்ற வாரம் ஒரு பால்காரர் வண்டி வந்தது. எஞ்சின் விளக்கு அணையவில்லை, மைலேஜ் விழுந்துவிட்டது, பிளக் கரியாகக் கறுத்திருந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டரில், புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றி பில் போட்டிருக்கிறார்கள். விளக்கு மறுபடியும் எரிந்திருக்கிறது. பார்த்தால், புகை வெளியேறும் பெண்ட் பைப் எஞ்சின் ஹெட்டில் சேரும் இடத்தில் கேஸ்கட் ஒரு ஓரமாக எரிந்து போயிருந்தது. அந்த இடுக்கில் வெளிக்காற்று புகுந்தால், சென்சாருக்கு ஆக்சிஜன் அதிகமாகத் தெரியும். பெட்ரோல் போதவில்லை என்று, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு அதை இன்னும் கூட்டிவிடும். சென்சார் மேல் தப்பே இல்லை. அந்த மனிதர் கொடுத்த பணம்தான் வீண்.

சென்சார் வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் இடையில் ஏறி இறங்குகிறதா என்று மல்டிமீட்டர் வைத்து நாங்களே பார்த்துவிடுவோம். ஆனால் ஈசியு பெட்ரோலை எவ்வளவு கூட்டியிருக்கிறது என்பது மீட்டரில் வராது, ஈசியுவைப் படிக்கும் ஸ்கேனரில்தான் வரும். கேஸ்கட்டை மாற்றிய பிறகும், பதிவான எரர் கோடை அழிக்க அவரை அதே சென்டருக்குத்தான் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. ஒரு நாள் பால் வியாபாரம் போனால் அவருக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டுவதே அந்த சென்சாரை நம்பித்தான். அதைப் படிக்கவே முடியாமல் வண்டியை எப்படிச் சரிபார்ப்பது? 2022இல் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று இணையதளமே தொடங்கியது. எங்கள் ஊர்ப் பக்கம் அந்த உரிமை இன்னும் வந்து சேரவில்லை. கிராமத்தில் வண்டி நின்றால் முதலில் எங்களிடம்தான் தள்ளிக்கொண்டு வருகிறார்கள், டவுனில் இருக்கும் ஷோரூமுக்கு அல்ல.

கொஞ்சம் கோபமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஈசியு மேப்பை, அதாவது எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று அதில் எழுதிய கணக்கை, மாற்ற அனுமதி கேட்கவில்லை, அது உங்களிடமே இருக்கட்டும். படிக்கவும், வேலை முடிந்ததும் எரர் கோடை அழிக்கவும் விட்டால் போதும். அப்புறம், எந்த மாடலுக்கு எந்த அளவு சரி என்ற பட்டியலைத் தமிழிலும் தந்தால் பட்டறையில் வேலை பழகும் பையன்களுக்கும் உதவும். தயவுசெய்து ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டூவீலர் மெக்கானிக்,
திருவண்ணாமலை மாவட்டம்