ஆண்டறிக்கை 2024–25: மதுரை செல்லூர், நமது தெரு குடியிருப்போர் நலச்சங்கம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

முதல் ஆறு மாதத்தில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு தெருவிளக்கு மாற்றினோம், ஆடியில் கூழ் ஊற்றினோம். கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

அக்டோபர் 25. பிற்பகலில் கால் மணி நேரத்துக்குள் மட்டும் 4.5 செ.மீ. மழை. செல்லூர் கண்மாய் நிரம்பி வழிந்த மறுகால் தண்ணீரும் சேர, பந்தல்குடி வாய்க்கால் கொள்ளவில்லை. வைகைக்குப் போக வேண்டியது நம் வீட்டுக்குள் வந்தது. தீபாவளிக்கு ஆறே நாள். தெருக்கோடி அக்கா வீட்டில், கைத்தறிக்கு அடியில் கால் வைக்கும் தறிக்குழி கிணறு மாதிரி நிறைந்து நின்றது. பாதி நெய்த சேலையில் நெடுக்கே ஓடும் சிவப்புப் பாவின் சாயம் இறங்கி, குறுக்கே ஓடும் வெள்ளை ஊடை ரோஸ் ஆகிவிட்டது. அவர் அழவில்லை. மிதிக்கட்டை மிதந்து போகாமல் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

அன்று இரவு மாடி வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் பெரியவர்களைத் தூக்கி வந்த நான்கு பையன்களும் வாடகை வீட்டுப் பிள்ளைகள். சொந்த வீடு உள்ளவர்தான் உறுப்பினர் என்ற விதியால், அந்த வீட்டுக் கதவுகளைச் சந்தாவுக்குக்கூட நாம் தட்டியதில்லை.

நவம்பர்க் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் திருவிளையாடலை எடுத்தார். பிரளயம் வடிந்தபின் மதுரைக்கு எல்லை எதுவென்று வங்கியசேகர பாண்டியன் வேண்ட, சிவன் கையிலிருந்த பாம்பு ஊரைச் சுற்றி வாலை வாயில் கவ்விக் காட்டியது. ஊர் ஆலவாய் ஆனது. சிலர் சிரித்தார்கள். எனக்கு உறைத்தது. நம் தெருவுக்கு இந்த வருடம் எல்லை போட்டது தண்ணீர். அது பட்டா பார்த்து நுழையவில்லை.

அன்றே விதியைத் திருத்தினோம். “ஆறு மாதத்தில் காலி பண்ணிப் போகிறவருக்கு எதுக்கு ஓட்டு?” என்று கேட்டவர்களையும் பதிவு செய்கிறேன், நியாயமான கேள்விதான். ஒரு வருடம் குடியிருந்தால் போதும் என்று முடிவானது.

தண்ணீர் நின்ற மட்டத்தைச் சுவரில் சிவப்புக் கோடாகப் போடும் தீர்மானம் பாதியில் நிற்கிறது. வீட்டு விலை இறங்கும் என்று இரண்டு பேர் வெள்ளையடித்துவிட்டார்கள். கோடு இல்லையென்றால் மழை வழி தெரியாமல் திரும்பிவிடும் போலும்.

வாய்க்காலில் ஆகாயத்தாமரையை எடுக்கச் சொல்லி மூன்று மனு கொடுத்தோம். மூன்றுக்கும் ரசீது இருக்கிறது.

சங்கத்தின் ஏணி, வடக்கயிறு, இரண்டு லாரி டியூப் என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் பூட்டி வைக்கப்பட்டுள்ளன. நான் ஊரில் இல்லாவிட்டால் சாவி தெருக்கோடி அக்காவிடம். ஜனவரியில் சந்தா கட்டிய முதல் வாடகைக்காரர் அவர்தான். பகலில் தறிச் சத்தம் கேட்கும். இரண்டு முறை கதவைத் தட்டவும்.

இப்படிக்கு,
செயலாளர்