கிங்ஸ் கிராஸில் வண்டி மாறும் மகளுக்கு

பாளையங்கோட்டை

அன்பு மகள் செல்விக்கு,

இங்கு அம்மாவும் நானும் நலம். உன் நலமறிய ஆவல். இப்போது தினமும் லண்டனில் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத்தில் வண்டி மாறுவதாகப் போனில் சொன்னாய். தீயணைப்புத் துறையில் பணிபுரிந்து ஓய்வுபெற்றவன் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது, அம்மா. அதனால்தான் இந்தக் கடிதம்.

உலகின் முதல் சுரங்க ரயில் 1863 ஜனவரி 10 அன்று ஓடத் தொடங்கியபோதே கிங்ஸ் கிராஸ் அதில் ஒரு நிலையம். தெருவை வெட்டிப் பள்ளம் தோண்டி, வளைவு கட்டி, அதன்மேல் மறுபடியும் தெருவைப் போட்டார்கள்; உள்ளே நீராவி எஞ்சின்தான் ஓடியது. இந்தப் பாதைக்காகப் பல ஆண்டுகள் வாதாடிய சார்லஸ் பியர்சன், அது திறக்கப்படுவதைப் பார்க்காமலே முந்தைய ஆண்டு காலமாகிவிட்டார். பிறகு 1906இல் பிக்காடில்லி, 1907இல் இன்றைய நார்தர்ன், 1968இல் விக்டோரியா என ஆழத்தில் குடைந்த பாதைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து, இன்று ஆறு லைன்கள் அங்கே கூடுகின்றன. ஒரே திட்டத்தில் எழுந்த நிலையம் அல்ல என்பதால்தான் உனக்கு அவ்வளவு சுற்று.

நான் சொல்ல வந்தது 1987 நவம்பர் 18ஆம் தேதி மாலையைப் பற்றி. சுரங்க நிலையங்களில் புகைபிடிப்பது 1985 முதலே தடை செய்யப்பட்டிருந்தும், வெளியேறும் வழியில் பற்றவைக்கும் பழக்கம் பலருக்குப் போகவில்லை. அப்படி யாரோ போட்ட தீக்குச்சி, பிக்காடில்லி லைனின் மர எஸ்கலேட்டர் இடுக்கில் விழுந்து, அடியில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்திருந்த கிரீஸ், தூசு, காகிதக் குப்பையில் பற்றியது. ஏழரை மணிக்குப் பயணி ஒருவர் கண்டு சொன்னபோது அது சின்னத் தீ. ஏழே முக்காலுக்கு, தீயணைப்பு வீரர்கள் வந்த சில நிமிடங்களில், மேலே டிக்கெட் கூடம் முழுவதும் ஒரேயடியாகத் தீப்பிழம்பாயிற்று. 31 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கோலின் டவுன்ஸ்லி என்ற தீயணைப்பு நிலைய அதிகாரி.

சின்னத் தீ அப்படிப் பாய்ந்தது எப்படி என்று முதலில் யாருக்கும் விளங்கவில்லை. கணினியில் கணக்கிட்டபோது, சரிவான படிப் பள்ளத்துக்குள் சுவாலை நிமிர்ந்து எரியாமல் படிகளோடு படிந்து, மேலே உள்ள மரத்தைச் சூடாக்கிக்கொண்டே ஏறியதாகத் தெரிந்தது. பலர் நம்பவில்லை, மூன்றில் ஒரு பங்கு அளவில் மாதிரி எஸ்கலேட்டர் செய்து எரித்துப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். பாபநாசம் மலைச் சரிவில் காட்டுத்தீ மேட்டை நோக்கி எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைப் பார்த்தவன் நான். இருந்தும் ஒரு கட்டடத்துக்குள் அப்படி நடக்கும் என்று அதற்குமுன் எவரும் எனக்குக் கற்பிக்கவில்லை.

டெஸ்மண்ட் ஃபென்னல் நடத்திய விசாரணை 157 பரிந்துரைகளைத் தந்தது. மர எஸ்கலேட்டர்கள் படிப்படியாக அகற்றப்பட்டன. கடைசியாக இருந்தது, கிரீன்ஃபோர்டு நிலையத்தில், 2014இல்தான் போனது. இறந்தவர்களில் ஒருவர் யாரென்றே 2004 வரை தெரியவில்லை என்பதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர்களுக்காக நிலையத்துக்குள் ஒரு நினைவுப் பலகையும் கடிகாரமும் வைத்திருக்கிறார்கள். நேரம் கிடைக்கும்போது போய்ப் பார்.

இன்னொன்று, அம்மா. அன்று கீழே இருந்தவர்களை விக்டோரியா லைன் எஸ்கலேட்டர் வழியாக மேலே அனுப்பினார்கள். அந்த வழியும் அதே டிக்கெட் கூடத்தில்தான் போய் முடிந்தது. ஆகவே உன் நிலையத்தில் வெளியே போக எத்தனை வழி, எது எந்தத் தெருவில் ஏறுகிறது என்பதை ஓய்வான ஒரு நாளில் நடந்து பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா