செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஊரே தண்ணீரில் நின்றதால் டிசம்பர் கூட்டம் நடக்கவில்லை. மற்ற மாதங்களில் முத்தியால்பேட்டை மாடி அறையில் வழக்கம்போல் கூடினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நாம் கட்டக் கையில் எடுத்தது சட்டைப்பையில் அடங்கும் யூஎஸ்பி டிஏசி, அதாவது கம்ப்யூட்டரிலிருந்து எண்களாக வரும் பாட்டை ஹெட்போனுக்கான ஒலி சிக்னலாக மாற்றும் சிறு பெட்டி. எந்தச் சிப் நல்லது என்று பேசியே பாதி ஆண்டு ஓடிவிட்டது. ஆனால் பழுது என்று மேசைக்குத் திரும்பி வந்த பெட்டிகளில் சிப் போனது அபூர்வம். சாக்கெட், ஜாக், கேபிள் இவைதான் திரும்பத் திரும்ப வந்தன. அதனால் அறிக்கையின் பெரும்பகுதி அவற்றைப் பற்றியே.

மைக்ரோ யூஎஸ்பியை இனி புதிய பெட்டிகளில் வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். காகிதத்தில் பார்த்தால் அதுவும் டைப்-சி போலவே 10,000 தடவை செருகி எடுக்கத் தாங்கும். ஆனால் நம்மிடம் வந்தவை தேய்ந்து போனவை அல்ல. பைக்குள் பக்கவாட்டில் இழுபட்டு, போர்டின் செம்புத் தடத்தையும் பெயர்த்துக்கொண்டு வந்தவை. டைப்-சியிலும் கால்கள் போர்டுத் துளைக்குள் இறங்கி நிற்கும் சாக்கெட்டையே வாங்குங்கள். மேலே ஒட்டி நிற்பது மட்டும் என்றால் அதுவும் ஒருநாள் பெயர்ந்து வரும்.

வாங்கும்போது சாக்கெட்டில் எத்தனை பின் (மின் தொடுமுனை) என்பதையும் பாருங்கள். முழு டைப்-சிக்கு 24 பின். யூஎஸ்பி 2.0 வேகமே நமக்குத் தாராளம் என்பதால் 16 பின் சாக்கெட் போதும். 6 பின் சாக்கெட் பற்றவைக்கச் சுலபம், விலையும் குறைவு. ஆனால் அதில் பவர் மட்டும்தான் வரும், டேட்டா பின்னே கிடையாது. அதை வைத்துவிட்டு “கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை” என்று சிப்பைத் திட்டிப் பயனில்லை.

அடுத்தது, அதிகம் வந்த புகார்: ஒரு பக்கம் பழைய தட்டையான யூஎஸ்பி-ஏ முனை உள்ள கேபிளில் பாடுகிறது, இரண்டு பக்கமும் சி உள்ள கேபிளில் விளக்குகூட எரிவதில்லை. டைப்-சி போர்ட் எதிரில் யாரோ இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் 5 வோல்ட்டைத் திறந்துவிடும். அதைத் தெரிவிப்பது சிசி1, சிசி2 என்ற இரண்டு பின்கள். ஒவ்வொன்றிலிருந்தும் கிரவுண்டுக்கு (சுற்றின் பூஜ்ய வோல்ட் இணைப்பு) தனித்தனியாக ஒரு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே ரெசிஸ்டரில் முடிக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். 2019இல் வந்த ராஸ்பெர்ரி பை 4இன் முதல் போர்டுகளில் அப்படித்தான் செய்திருந்தார்கள். உள்ளே அடையாளச் சிப் வைத்த கேபிளைச் செருகினால் பவர் வரவில்லை, பின்னால் திருத்த வேண்டியதாயிற்று. சில காசு ரெசிஸ்டரில் சிக்கனம் வேண்டாம்.

கேபிள் விஷயத்தில் வெள்ளி முலாம் பூசிய கம்பியில் வயலின் இனிக்கிறது என்று ஒரு தரப்பு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கேபிளில் போவது எண்கள். நாம் பயன்படுத்தும் அசின்க்ரனஸ் சிப்களில் நேரத்தைக் கணக்கிடும் கடிகாரம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஆடியோ டேட்டா வழியில் கெட்டால் யூஎஸ்பி அதை மறுபடி அனுப்பாது என்பது உண்மைதான். ஆனால் அப்போது டிக் டிக்கென்று வெட்டும், அல்லது பாட்டு நிற்கும். இனிமை குறையாது. சார்ஜுக்கு மட்டுமான கேபிள் இல்லையென்று உறுதி செய்துகொண்டு, டேட்டா கம்பிகள் இரண்டும் முறுக்கி ஷீல்டு போட்டதாக, ஒரு சாணுக்கு மேல் போகாததாக வாங்கினால் போதும். லேப்டாப்பில் சார்ஜரைக் கழற்றினால் ‘உம்’ சத்தம் நிற்கிறது என்றால் அது கிரவுண்ட் லூப், சார்ஜர் வழியாக இன்னொரு கிரவுண்ட் பாதை உண்டாவதால் வரும் இரைச்சல். கேபிளை மாற்றிப் பயனில்லை.

தங்க முலாமுக்கு நம் ஊரில் ஒரு வேலை உண்டு. கடற்கரைச் சாலையில் நடந்தபடியே பாட்டுக் கேட்கும் உறுப்பினர் ஒருவர், பாடகியின் குரல் காணாமல் போய் வயலினும் எதிரொலியும் மட்டும் கேட்கிறது என்று கொண்டுவந்தார். 3.5 மி.மீ. ஜாக்கைத் திறந்தால் கிரவுண்ட் தகடு முழுக்கப் பச்சைக் களிம்பு. பொதுவான கிரவுண்ட் தொடர்பு விட்டுப்போனால், இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே ஹெட்போனுக்குப் போகும். இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும் குரல் அதில் அடிபட்டுவிடும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்ததும் பாடகி திரும்பி வந்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், இருக்கிற முலாமும் போய்விடும்.

4.4 மி.மீ. பேலன்ஸ்டு ஜாக் (பொதுக் கிரவுண்ட் இல்லாமல் இடது, வலது இரண்டுக்கும் தனித்தனி பிளஸ், மைனஸ் வெளியீடு தருவது) வேண்டும் என்ற தீர்மானம் இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. என் வாக்கு எதிராகத்தான். நம் போர்டுகளில் பெரும்பாலானவற்றில் பேலன்ஸ்டு வெளியீடே இல்லை, ஜாக்கை மட்டும் மாற்றி ஆகப்போவது எதுவும் இல்லை. உண்மையிலேயே பேலன்ஸ்டு போர்டு கட்டுகிறவர்கள் அதை மாற்றுக் கேபிள் வழியாகச் சாதாரண 3.5 ஹெட்போனில் செருகினால், இரண்டு மைனஸ் வெளியீடுகளும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகிவிடும். தீர்மானம் நிறைவேறினால் இந்த எச்சரிக்கையையும் சேர்த்தே எழுத வேண்டும்.

16 பின் சாக்கெட்டும் ரெசிஸ்டரும் சென்னை ரிச்சி தெருவில் மொத்தமாக வாங்க இருக்கிறோம். வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் பெயர் கொடுக்கலாம். முன்பணம் தராதவர் பெயர் எழுதப்படாது.

செயலாளர்