மாமரத்தைக் கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓய்வு பெற்றவர்கள் பொழுதைக் கழிப்பது எப்படி என்று அடிக்கடி யோசனை சொல்கிறார்கள். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளிப் பக்கம் இரண்டு ஏக்கர் மாந்தோப்பும், பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் பேரப்பிள்ளைகளும், காசிக்குப் போகும் ஆசையும் உள்ள தம்பதிக்கு அந்த யோசனை தேவைப்படாது. அவர்கள் கஷ்டம் வேறு. எல்லா வேலையும் ஒரே மாதத்தில் வந்து மோதும். ஆகவே நாள்காட்டியை ஜனவரியிலிருந்து எண்ணாமல் மாமரத்திலிருந்து எண்ண வேண்டும் என்பது எங்கள் கருத்து.

டிசம்பர் கடைசியில் பூங்கொத்து எட்டிப் பார்க்கும். அப்போது ஒருவராவது ஊரில் இருந்தே ஆக வேண்டும். சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிக்கான மருந்தைக் கொத்து நீளும்போதே, பூ விரியும் முன்பே அடிக்க வேண்டும். விரிந்த பிறகு அடித்தால் மகரந்தம் சேர்க்கும் ஈயும் தேனீயும் செத்து, பூ இருந்தும் காய் பிடிக்காது. காலையில் பனி, பகலில் வெயில் என்று இருந்தால் சாம்பல் நோய் வரும். அதற்கு நனையும் கந்தகத் தூளை (வெட்டபிள் சல்ஃபர்) லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கலந்து அடிக்க வேண்டும். இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லிச் செய்ய வைக்கலாம் என்று நினைப்பவர்கள் பிப்ரவரியில் கருகிய கொத்தைத்தான் பார்ப்பார்கள்.

தோப்பைப் பூவிலேயே குத்தகைக்கு விட்டுவிட்டால் கவலை இல்லை என்பார்கள். பாதி உண்மை. வாய்ப்பேச்சோடு விட்டால் குத்தகைதாரர் ஒரே ஆண்டில் லாபம் எடுக்கப் பார்ப்பார். பூக்க வைக்கும் பாக்லோபியூட்ரசாலை வேரில் அளவில்லாமல் ஊற்றினால், பிறகு சில ஆண்டுகளுக்குத் துளிர் குட்டையாகி மரம் சோர்ந்துவிடும். 2025 கோடையில் பெங்களூரா ரக மாங்காயின் விலை சரிந்ததுபோல் மறுபடியும் சரிந்தால், பறிகூலிகூடக் கட்டாது என்று காயை மரத்திலேயே விட்டுவிட்டுப் போவதும் உண்டு. முன்பணம் எவ்வளவு, மீதி எந்தத் தேதியில், என்ன மருந்து எவ்வளவு, பறிக்காத காய்க்கு யார் பொறுப்பு: இந்த நான்கையும் முத்திரைத்தாளில் எழுதி வாங்குங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் பேரப்பிள்ளைகள் வருவார்கள். கர்நாடகப் பள்ளிகளில் ஏப்ரல் பாதியிலேயே கோடை விடுமுறை தொடங்கி, மே கடைசியில் முடிந்துவிடும். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஜூன் வரை நீளும். மகன் வீட்டுப் பிள்ளைகளையும் மகள் வீட்டுப் பிள்ளைகளையும் ஒன்றாகப் பார்க்க வேண்டுமானால் மே முதல் மூன்று வாரம்தான். செந்தூரா ரக மாம்பழம் அவர்கள் கைக்குக் கிடைக்கும். கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா பறிப்பு ஜூன், ஜூலையில்தான் சூடு பிடிக்கும் என்பதால் வீட்டில் கூட்டமும் தோப்பில் கூட்டமும் ஒன்றாகச் சேராது. பறிக்கும்போது பிள்ளைகள் பக்கத்தில் நின்றால் ஒரு எச்சரிக்கை: காம்பை ஒரு சென்டிமீட்டர் விட்டுப் பறிக்கச் சொல்லுங்கள். ஒட்டப் பறித்தால் பால் வடிந்து பழத்தோல் கருக்கும், கையிலும் முகத்திலும் பட்டால் புண்ணாகும்.

இதற்கு நடுவே ஓய்வூதியர் நேர்காணல், அதாவது உயிரோடு இருக்கிறோம் என்று ஆண்டுதோறும் காட்டுவது. மாநில அரசு ஓய்வூதியர்கள் தாம் ஓய்வு பெற்ற மாதத்தில் செய்ய வேண்டும். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் மே, ஜூன் என்று பிறந்த தேதியைப் போட்டுவிட்டார். அதன் பலன், ஓய்வு பெற்றதும் அதே மாதம்; இன்றைக்கு நேர்காணல் சரியாகக் காய் பறிப்பில் வந்து விழுகிறது! கருவூலத்துக்கு அலைய வேண்டாம். தபால்காரர் 70 ரூபாய் கட்டணத்தில் வீட்டிலேயே டிஜிட்டல் வாழ்நாள் சான்று எடுத்துத் தருவார். மண்வெட்டி பிடித்த விரலில் ரேகை தேய்ந்திருந்தால் கருவி ஏற்காது. முகம் காட்டிச் செய்யும் வசதி கைப்பேசியில் இருக்கிறது, ஜன்னலுக்கு எதிரே முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்காருங்கள். பெரும்பாலும் தவறு நடப்பது ஓய்வூதிய ஆணை எண்ணிலும், ஓய்வூதியம் வழங்கும் அலுவலகத்தைத் தேர்வு செய்யும் இடத்திலும்தான். சொந்த ஓய்வூதியம், குடும்ப ஓய்வூதியம் இரண்டும் வாங்குபவர் ஒவ்வொரு ஆணை எண்ணுக்கும் தனித்தனியாகச் சான்று எடுக்க வேண்டும். ஒன்று எடுத்தால் போதும் என்று விட்டுவிட்டு, பிறகு பாஸ்புக்கைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு. மத்திய அரசு ஓய்வூதியருக்கு நவம்பர் மாதம்; 80 வயது கடந்தவர்கள் அக்டோபரிலேயே செய்யலாம்.

அறுவடை முடிந்ததும் காய்ந்த கிளை, உள்பக்கம் நெருங்கிய கிளைகளைக் கழித்துவிட வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் உரம். காய்க்கும் மரம் ஒன்றுக்குத் தொழு உரம் 50 கிலோ, யூரியா 2.2 கிலோ, சூப்பர் பாஸ்பேட் ஆறேகால் கிலோ, பொட்டாஷ் 2.5 கிலோ. ஏக்கருக்கு நாற்பது மரம் என்றால் எரு மட்டும் இரண்டு டன், அதற்கு வண்டியை முன்பே சொல்லிவைக்க வேண்டும். தூரில் கொட்டாதீர்கள். ஒன்றரை அடி தள்ளி, இலை நிழல் விழும் வட்டம் வரை பரப்பிக் கொத்திவிடுங்கள். ஊட்டம் உறிஞ்சும் வேர் அங்கேதான் இருக்கிறது.

இனி பயணம். நவம்பரில் மரத்துக்குத் தண்ணீர் காட்டக் கூடாது. சற்றே வாடினால்தான் பூக்கும். மோட்டாரை நிறுத்திவிட்டுக் கிளம்ப ஆண்டில் இதைவிட நல்ல சமயம் கிடையாது. டிசம்பர் கடைசி, ஜனவரியில் போனால் வடக்கே பனிமூட்டத்தில் ரயில் மணிக்கணக்கில் தாமதமாகும். தீபாவளிக்கு முன், காசிப் பக்கமாகப் பீகாருக்குப் போகும் வண்டிகளில் கால் வைக்க இடமிருக்காது. பீகார்க்காரர்கள் கொண்டாடும் சட் பூஜை முடிந்த பிறகு போவது எளிது. ஆனால் திரும்பும்போது பெங்களூருக்கு வேலைக்கு வரும் கூட்டம் அதே வண்டியில் ஏறும், ஆகவே திரும்பும் டிக்கெட்தான் முக்கியம்.

கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் இல்லை. ஜோலார்பேட்டையில் சங்கமித்ரா விரைவு ரயிலைப் பிடித்து, முன்பு முகல்சராய் என்று சொல்லப்பட்ட தீனதயாள் உபாத்யாயா சந்திப்பில் இறங்கினால் ஆட்டோவிலேயே காசிக்குப் போய்விடலாம். முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கும். நவம்பர் 20 பயணம் என்றால் செப்டம்பர் 21. அன்று உரம் வைக்கும் வேலையில் மறந்துவிடாதீர்கள். ரயில் டிக்கெட் எடுக்கும் ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதாரை முன்பே இணைத்துவையுங்கள். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, இன்னும் திரும்பி வரவில்லை. கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது. ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45. ஒரு டிக்கெட்டில் இருவர் வரைதான், இருவருமே தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும். பாசத்தில் பேரனையும் அதே டிக்கெட்டில் சேர்த்தால் அந்த ஒதுக்கீடு போய்விடும், மூட்டு வலியோடு மேலே ஏற வேண்டியதுதான். பேரனுக்கும் அவன் அப்பாவுக்கும் தனி டிக்கெட் எடுங்கள். 5 வயது நிரம்பிய குழந்தைக்குப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பிரசவம், நிச்சயதார்த்தம் போன்றவை மரத்தைக் கேட்டு வருவதில்லை. அதற்காக ஒவ்வொரு மாதமும் ஒரு வாரத்தைக் காலியாக விடுங்கள்.

வீட்டைப் பூட்டும் முன் கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றி, மேல்தொட்டியைக் காலி செய்து, இன்வெர்ட்டர் பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்றிவிடுங்கள். பக்கத்து வீட்டில் சாவியோடு ஒரு தாள் கொடுங்கள். மின் இணைப்பு எண், கணக்கெடுக்கும் தேதி, மோட்டார் ஸ்டார்ட்டரின் ஃப்யூஸ் எங்கே இருக்கிறது, நாய்க்கு எத்தனை மணிக்குச் சோறு என்று அதில் எழுதியிருக்கட்டும். கைப்பேசி எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கும் நம் வயதுதான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தம்பதி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.