யார் சாத்தியிருப்பது?

அன்புள்ள தம்பிக்கு,

உன் மெயில் வந்து 23 நாள் ஆகிறது. அன்றைக்கே பதில் போட்டேன். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வேலை இருக்கும். வேளைக்குத் தூங்கு.

நீ எழுதியிருந்த அந்த வாக்கியம், 'கீப்பிங் த டோர் ஷட், த டேஸ் ஆர் பாசிங்.' முதல் பாதி சுத்தம். அதை அன்றைக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கீப்பிங் எச்சம்தான், ஆனாலும் வினையின் குணம் போகவில்லை. அதனால் டோர் என்று ஒரு செயப்படுபொருளை வாங்கிக்கொள்கிறது. அந்தக் கதவு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல ஷட் பின்னால் வந்து நிற்கிறது. என்னிடம் படித்தவர்களில் பாதிப்பேர் தமிழ்ப் பழக்கத்தில் பெயரடையை முன்னால் தள்ளிவிடுவார்கள். லீவிங் த விண்டோ ஓப்பன் என்றால் ஜன்னலைத் திறந்தபடியே விட்டுவிட்டு. லீவிங் த ஓப்பன் விண்டோ என்றால் திறந்த ஜன்னலை விட்டு நகர்ந்து. ஒரு சொல் இடம் மாறியதும் அங்கே நின்றிருந்த ஆளே போய்விடுகிறான். நீ ஏழாம் வகுப்பிலேயே இதைச் சரியாக எழுதினாய். ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் காட்டினேன். உன்னிடம்தான் சொல்லவில்லை.

மீன் கதை ஞாபகம் இருக்கிறதா? மேன் ஈட்டிங் ஃபிஷ். முதல் இரண்டு சொல்லுக்கு நடுவில் ஹைஃபன் போட்டால் மீன் மனிதனைத் தின்னும். எடுத்துவிட்டால் மனிதன் மீனைத் தின்கிறான். நமக்கு ஐ உருபு இருக்கிறது, யார் யாரைத் தின்றார்கள் என்று காட்டிக்கொடுத்துவிடும். அவர்களுக்கு இடமும் அந்தச் சின்னக் கோடும்தான். நீயும் அண்ணனும் ஒரு வாரம் சிரித்தீர்கள். இப்போது சிரிக்கிறாயா என்று தெரியவில்லை. வேளைக்குத் தூங்கு.

பிழை இரண்டாம் பாதியில். கமாவுக்குப் பின்னால் எழுவாயாக த டேஸ் வந்து உட்கார்ந்துவிட்டது. அப்படியானால் கதவைச் சாத்தி வைத்திருப்பது நாட்களா? தமிழிலும் இதே சட்டம்தான். 'செய்து' என்னும் எச்சம் வினைமுதலோடுதான், அதாவது அந்த வேலையைச் செய்தவரோடுதான், முடிய வேண்டும் என்று தொல்காப்பியர் சொல்லியிருக்கிறார். உறுப்பின் வினைக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. 'கை இற்று வீழ்ந்தான்.' இற்றது, அதாவது முறிந்தது, கை. விழுந்தது அவன். கை அவனுடையது என்பதால் பொருந்திப்போகிறது. நாட்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனால்தான் 'யார் சாத்தியிருப்பது? எழுவாய் எங்கே?' என்று சிவப்பில் எழுதி அனுப்பினேன்.

அனுப்பிய உடனே உறைத்தது என்று எழுத வந்தேன். பொய். நாலு நாள் கழித்து, விளக்கை அணைக்கும்போதுதான் உறைத்தது. யார் சாத்தியிருப்பது என்று வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன், உன்னைக் கேட்கவில்லை.

பத்தாவது படிக்கும்போது கதவுக்கு அடியில் ஒரு தாளைத் தள்ளினாயே, அந்தப் பரீட்சை சமயத்தில். இரண்டு எச்சம் தப்பு, ஒரு காலம் தப்பு, ஒரு ஸ்பெல்லிங். திருத்தி, அதே வழியாகத் திருப்பித் தள்ளினேன். அதில் நீ என்ன சொல்லியிருந்தாய் என்று நேற்று முழுக்க யோசித்தேன். வரவில்லை. பிழைகள் மட்டும்தான் வரிசையாக ஞாபகம் இருக்கின்றன.

அண்ணனிடம் எதுவும் சொல்லவில்லை. பெரியம்மா கேட்டாள், வேலை அதிகம் என்றேன். உனக்கு எந்த மொழியில் வருகிறதோ அதில் எழுது. போன் செய்தாலும் சரி, எந்நேரமானாலும் எடுப்பேன். வேளைக்குத் தூங்கு.

அந்த மெயிலின் கடைசி வரியிலும் ஒன்று இருந்தது. விடு.

அம்மா